சுவர் தாண்டிக் கேட்ட மைக்

தன் குரலைத் தானே கேட்டுத் திருந்திய ஆண்பிள்ளை இந்த உலகத்தில் ஒருவன்கூடக் கிடையாது. துனிஸுக்குப் பக்கத்து ஹம்மாம்-லீஃபில், ரயில் பாதையைப் பார்த்த கட்டடத்தில், நாலாவது மாடியில் குடியிருந்த லம்ஜெத் மட்டும் திருந்திவிடுவானா? அவன் மைக்கைத் திருத்தக் கிளம்பினான்.

மைக் அவனுடையதுகூட இல்லை. அவன் மனைவி வஸீலாவுடையது. வஸீலா பாலர் பள்ளியில் கதை சொல்கிறவள். அவள் வாயைத் திறந்தால், அழுதுகொண்டிருக்கிற பிள்ளை எதற்காக அழுகிறோம் என்பதையே மறந்துவிடும். துனிஸில் ஒரு தனியார் வானொலி, ரமழான் மாதத்து மாலைகளில் பழங்கதை சொல்ல ஒரு குரல் தேடுகிறது என்று காதில் விழுந்ததும், மலிவான கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கிவந்து, ஜன்னலுக்குக் கம்பளி போர்த்தி, ஒரு கதையைப் பதிவு செய்தாள். கதையில் ஓர் ஓநாய் வந்தது. ஓநாய்க்குக் குரல் கொடுக்க லம்ஜெத் தானாக முன்வந்தான். வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டார்கள். ஓநாய்க்குக் கடுமையான ஜலதோஷம். வஸீலா ஓநாயை வெட்டி எறிந்துவிட்டு, அதன் பேச்சையும் தானே பேசி அனுப்பிவைத்தாள்.

அன்று முதல் அந்த மைக் லம்ஜெத்துக்கு ஜன்ம விரோதி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். ஊளையிடத் தெரியாத ஓநாய்க்கு மைக் கோணலாகத் தெரிந்தது. அலுவலகம் விட்டு வந்ததும் வராததுமாக, மைக்கைப் பிரித்து மேய்கிறவர்களின் காணொளிகளில் தலையை விட்டுக்கொண்டான். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறவன், இரவில் மின்னணு மேதையாகிக்கொண்டிருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேசையில் முஷ்டியை ஊன்றிக்கொண்டு அறிவித்தான்.

“வஸீலா, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.”

“பாத்திரம் கழுவறதுக்கா?”

“மைக்கைத் திறக்கப் போறேன்.”

“ஏன், அதுக்கு மூச்சு முட்டுதா?”

“சிரிக்காதே. உடம்பு நல்ல உடம்பு. உள்ளே போட்டிருக்கிற சாமான்தான் மட்டம். இந்தத் தகர டப்பாவுக்குள்ள ஒரு ஜெர்மன் மைக் தூங்கிக்கிட்டிருக்கு. அதை எழுப்பணும்.”

“நீங்களா? தினம் காலையில உங்களை எழுப்பறதுக்கு நான் குஸ்குஸ் பானையைத் தட்ட வேண்டியிருக்கு.”

“கெப்பாசிட்டர் மாத்தணும். அதெல்லாம் உனக்குப் புரியாது.”

“நல்லாப் புரியுது. மைக்குக்குக் கெப்பாசிட்டர் போதலை. உங்களுக்குக் கெப்பாசிட்டி போதலை.”

“பாரு, ஒருநாள் இந்த மைக்கு எறும்பு நடக்கறதைக்கூடக் கேக்கும்.”

“எறும்பு நடக்கறது இருக்கட்டும். நான் ‘குப்பையைக் கீழே கொண்டு போங்க’ன்னு கத்தறதே உங்களுக்குக் கேக்கறதில்லையே. முதல்ல உங்களைத் திறந்து பார்க்கலாம்.”

மறுநாள் அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவள் படி இறங்கிய சத்தம் அடங்கியதும், லம்ஜெத் பால்கனியில் மேசையைப் போட்டு, ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோலைச் சூடேற்றி, “பிஸ்மில்லாஹ்” என்று மைக்கின் அடிவளையத்தைத் திருகினான். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்கியது நல்லதாயிற்று. அதற்கப்புறம் அந்த வேலையில் சொல்லிக்கொள்ளும்படியாக எதுவும் நடக்கவில்லை.

சட்டை கழன்றது. கம்பித் தலை கழன்றது. உள்ளே ரப்பர் கட்டையில் காசு அகலத்துக்கு ஒரு வில்லை. அதன் முகத்தில் தங்கம் பூசிய ஜவ்வு, வெங்காயத் தோலைவிட மெல்லிசு. அந்த ஜவ்வு நடுங்குவதுதான் குரல். அதைத் தொடக்கூடாது, அதன் மேல் மூச்சுக்கூட விடக்கூடாது என்று எல்லாக் காணொளியிலும் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் லம்ஜெத் காணொளியை முன்னுக்கு ஓட்டிவிடுவான். எச்சரிக்கை எல்லாம் கை நடுங்குகிறவர்களுக்கு என்பது அவன் கொள்கை.

முதலில், கம்பித் தலைக்குள் இருந்த உள்வலையைக் குறட்டால் பிய்த்தெடுத்தான். பக்கத்துப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த, எல்லோரும் மரியாதையாக ‘லல்லா’ போட்டுக் கூப்பிடுகிற மன்னூபியா எட்டிப் பார்த்தாள். அவள் எட்டிப் பார்க்காத விஷயம் அந்தத் தெருவில் இதுவரை நடந்ததில்லை.

“என்ன ஸீ லம்ஜெத், கோழி உரிக்கிறீங்களா?”

“மைக்கு, லல்லா. உள்வலையைப் பிச்சுட்டா காத்து தாராளமா உள்ளே போகும். குரல் திறந்துக்கும்.”

“எங்க வீட்டுக்காரர் கொசுவலையை இப்படித்தான் பிச்சாரு. காத்து தாராளமா வந்தது.”

“பார்த்தீங்களா!”

“கொசுவும் தாராளமா வந்தது.”

அறிவிலிகளோடு விவாதிக்க மேதைகளுக்கு நேரம் கிடையாது. லம்ஜெத் பழைய கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் போட்டுப் புதியவற்றை ஒட்டினான். புதியவை கொஞ்சம் பெரிசு. உள்ளே இடம் போதவில்லை. போதாவிட்டால் என்ன, அமுக்கினால் போகிறது. அமுக்கினான். எதுவோ ‘சடக்’ என்றது. நல்ல சத்தம் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்தத் தங்க ஜவ்வின் மேல் ஒரு தூசியைப் பார்த்தான். வாயைக் குவித்து ஊதினான். தூசி போயிற்று, எச்சில் வந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரால் துடைக்கலாம் என்று ஒருவன் சொன்ன ஞாபகம். அதற்கு எங்கே போவது? அலமாரியில் வஸீலாவின் அம்மா நாபுலிலிருந்து கொடுத்தனுப்பிய நாரத்தம்பூ நீர் இருந்தது. அதுவும் காய்ச்சி வடித்ததுதானே! பூ சேர்ந்தால் இன்னும் விசேஷம். பஞ்சில் நனைத்து, தங்கம் பளபளக்கிறவரை துடைத்தான். மைக் புதுமணப்பெண் மாதிரி மணத்தது. எல்லாவற்றையும் மூடி, கம்பியைச் சொருகி, லேப்டாப்பின் எதிரே உட்கார்ந்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றான். போட்டுக் கேட்டான். தன் குரலைக் கேட்டுத் தானே கண்கலங்கினான்.

வஸீலா திரும்பி வந்தபோது அவன் நாற்காலியில் பாஷா மாதிரி சாய்ந்திருந்தான்.

“கேளு! வெல்வெட்! அசல் வெல்வெட்!”

அவள் கேட்டாள். “சமையலறையில பேசற மாதிரி இருக்கே?”

“அதுதான் ஆழம். பழகாத காதுக்கு அப்படித்தான் இருக்கும்.”

“மேசையில ரெண்டு திருகாணி கிடக்கே, அது?”

“கூடுதலாப் போட்டது. சீனாக்காரன் தாராள மனசு.”

“மரை கழண்டது மைக்குக்கா உங்களுக்கா?” என்று கேட்டுவிட்டு, மேசைவிரிப்பில் விழுந்திருந்த சூட்டுத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு பெண் வேறு எதுவும் சொல்லாமல் போனால் பயப்பட வேண்டும் என்கிற சாதாரண அறிவு, மேதைகளுக்கு இருப்பதில்லை.

அடுத்த இரண்டு நாளும் ரயிலிலும், தேநீர்க்கடையிலும், அலுவலகத்திலும் ஒரே மைக் புராணம். செவ்வாய்க்கிழமை மாலை வஸீலா பொதுக் குளியல் கூடத்துக்குப் போயிருந்தாள். அங்கே கைபேசி கொண்டுபோக மாட்டாள். வீட்டில் கிடந்த கைபேசி மணியடித்தது. லம்ஜெத் எடுத்தான். வானொலியிலிருந்து மதாம் ஷிராஸ் என்று ஒரு பெண்மணி.

“லல்லா வஸீலாவோட கதையைக் கேட்டோம். எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. வர்ற திங்கள்கிழமை ஸ்டூடியோவுக்கு வரச் சொல்ல முடியுமா?”

லம்ஜெத் கைபேசியோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான். வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் அயோக்கியத்தனத்துக்கு ஒரு கதவு தேவைப்படுகிறது. ரமழான் முழுக்க இவள் வானொலியில் இருந்தால், நோன்பு துறக்கும் நேரத்தில் சூப்பை யார் ஊற்றுவது? தேநீர்க்கடையில் அவனை ‘வஸீலாவின் வீட்டுக்காரர்’ என்று கூப்பிடுவார்களே? போதாக்குறைக்கு, வெல்வெட் குரல் ஒன்று இங்கே வீணாகிக்கொண்டிருக்கிறதே? அவன் செருமினான். நெஞ்சை நிமிர்த்தி, வானொலிக்காரன் குரலில் பேசினான்.

“மதாம், என்ன சொல்றது… அவளுக்குத் தொண்டை போயிடுச்சு. பேச்சே வரலை. ஆனா கவலைப்படாதீங்க. இதே வீட்டிலேர்ந்து நாளைக்கு இன்னொரு பதிவு வரும். அதைக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.”

யாருடைய குரல் என்று சொல்லவில்லை. தரமான சரக்குக்கு விலாசம் எதற்கு? கைபேசியிலிருந்து அந்த அழைப்பை அழித்தான். புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டு, மைக்கின் முன் நின்று, மார்பில் கை வைத்துக்கொண்டு, பாலைவனத்துப் பூதம் ஒன்றின் கதையை முழங்கினான். வஸீலாவின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அனுப்பினான். வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. பதில் இல்லை. மெய்சிலிர்த்துப் போயிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மீன் குஸ்குஸ். விருந்துக்கு வஸீலாவின் தம்பி நௌஃபல் வந்திருந்தான். துனிஸில் பல் டாக்டர். ஊரார் வாயைப் பிளக்கவைத்துச் சம்பாதிக்கிறவன். லம்ஜெத் பேசினால் மட்டும் தன் வாயைப் பிளந்து கொட்டாவி விடுவான். ஆகவே அவனைப் பிரமிக்கவைப்பது என்று லம்ஜெத் கங்கணம் கட்டியிருந்தான்.

“மச்சான், இந்த மாதிரி மைக்கு துனிஸியாவிலேயே இது ஒண்ணுதான்.”

“நல்லவேளை,” என்றான் நௌஃபல், மீன்முள்ளை எடுத்தபடி.

“கேலி பண்ணாதே. அந்த ரூம்ல வச்சா இங்கே நீ மெல்றது கேக்கும்.”

“கதவைச் சாத்தினா?”

“சாத்தினாலும் கேக்கும்!”

வஸீலா ஹரீஸா என்கிற மிளகாய் விழுதைத் தம்பியின் தட்டில் வைத்துக்கொண்டே, போகிறபோக்கில் கேட்டாள்.

“பால்கனிக் கதவைச் சாத்தினாலுமா?”

“பால்கனிக் கதவா? வல்லாஹி, இந்தக் கட்டடத்துச் சுவரே அதுக்கு மஸ்லின் துணி மாதிரி!”

“அப்படித்தான் இருக்கும்னு நானும் நினைச்சேன்,” என்றாள் வஸீலா. “செவ்வாய்க்கிழமை குளிக்கப் போறப்போ நான் அதை நிறுத்த மறந்துட்டேன். வந்து பார்த்தா பதிவாயிக்கிட்டே இருக்கு. போட்டுக் கேட்டேன்.”

லம்ஜெத்தின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது.

“எ… என்ன கேட்டே?”

“பால்கனியில நீங்க யார்கிட்டயோ போன்ல பேசறீங்க.”

“அது… தெளிவா இருந்திருக்காது. அவ்வளவு தூரம்…”

“ஓஹோ,” என்றான் நௌஃபல். முதல் தடவையாக அவன் கண்ணில் ஓர் உற்சாகம் தெரிந்தது. “அப்போ அவ்வளவு தூரத்துக்குத் தெளிவா எடுக்காது?”

இருதலைக் கொள்ளி எறும்பு. எடுக்காது என்றால் மச்சான் முன்னால் மைக்கின் மானம் போகும். எடுக்கும் என்றால் தன் மானம் போகும். புத்தியுள்ளவன் எந்த மானத்தைக் காப்பாற்றுவான் என்பது நமக்குத் தெரியும். லம்ஜெத் மைக்கின் மானத்தைக் காப்பாற்றினான்.

“யார் சொன்னது? துல்லியமா எடுக்கும்! ஒரு எழுத்து விடாது!”

“அப்போ நான் கேட்டது சரிதான்,” என்றாள் வஸீலா. “‘அவளுக்குத் தொண்டை போயிடுச்சு’ன்னு சொல்றீங்க. என் தொண்டைதானே?”

“அது வந்து… ஒரு பேச்சுக்கு…”

“அது இருக்கட்டும். அதுக்கப்புறம்தான் எனக்குப் புரியலை. ரயில் ஒண்ணு போகுது. தடதடன்னு. உங்க பேச்செல்லாம் அதுல மாட்டிக்கிச்சு. என்ன இருந்தாலும் மலிவு மைக்குதானே.”

நௌஃபல் தலையை ஆட்டினான். “ஜெர்மன் மைக்கா இருந்தா ரயிலையும் குரலையும் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டியிருக்கும்.”

லம்ஜெத்துக்கு முகம் மிளகாய்ப் பழமாயிற்று. திருடன் என்று சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வான். ஆனால் கெப்பாசிட்டரைக் குறை சொன்னால்?

“ரயில் சத்தமா? என் மைக்கு ரயிலையே விழுங்கிடும்! உனக்குக் கேக்கத் தெரியலை. நான் மதாம் ஷிராஸ்கிட்ட எவ்வளவு தெளிவாச் சொன்னேன்! ‘இதே வீட்டிலேர்ந்து நாளைக்கு இன்னொரு பதிவு வரும், அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க’ன்னு!”

“மதாம் ஷிராஸ் யாரு?”

“வானொலிக்காரி! திங்கள்கிழமை உன்னை வரச்சொன்னாளே, அவதான்!”

நௌஃபல் மீன்முள்ளைக் கீழே வைத்தான். குஸ்குஸ் ஆவி மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.

“இன்னொரு பதிவுன்னா யாரோட பதிவு?” என்றாள் வஸீலா மெதுவாக.

லம்ஜெத் அப்போதுதான் வாயை மூடினான். திறந்திருக்கவேண்டிய நேரத்தில் மூடியிருந்து, மூடவேண்டிய நேரத்தில் திறந்திருக்கிற வாய் அது.

“என்னோடது,” என்றான், தட்டைப் பார்த்து.

நௌஃபல் சிரிப்பை அடக்கப்போய்ப் புரையேறி இருமினான். வஸீலா சிரிக்கவில்லை. தன் கைபேசியை எடுத்துக் கணவன் முன்னால் வைத்தாள்.

“நாளைக்குத் திங்கள்கிழமை. நம்பரை அழிச்சிருப்பீங்க. நான் கதையை அனுப்பினப்போ கிடைச்சதுன்னு அவங்க போட்ட மின்னஞ்சல்ல அவங்க நம்பர் இருக்கும். அதைப் பார்த்து இப்பவே கூப்பிடுங்க. எங்களுக்கும் கேக்கற மாதிரி போடுங்க. உங்க மைக்கை மாதிரி துல்லியமா கேக்கணும்.”

“ஞாயித்துக்கிழமை பாரு, தொந்தரவா…”

“ஸீ லம்ஜெத்.”

அவள் அவனை ‘ஸீ’ போட்டுக் கூப்பிட்டால் அது மரியாதை அல்ல, கடைசி எச்சரிக்கை. லம்ஜெத் எண்ணைத் தேடி அழுத்தினான்.

“மதாம்… நான் லம்ஜெத்… வஸீலாவோட வீட்டுக்காரர்.” தேநீர்க்கடையில் யாரும் இன்னும் வைக்காத அந்தப் பட்டத்தை அவனே சூட்டிக்கொண்டான்.

“அடடே! நல்லா இருக்கீங்களா?” என்றது மறுமுனை. “லல்லா வஸீலாவுக்கு இப்போ தேவலையா? நீங்க சொன்னப்போ ஏதோ சாதாரண தொண்டைவலின்னு நினைச்சோம். புதன்கிழமை வந்த பதிவைக் கேட்டதும்தான் எவ்வளவு மோசம்னு புரிஞ்சது. பாவம், குரலே அடையாளம் தெரியலை! ஏதோ பூதக் கதை வேற. எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு அழுதே போயிட்டா. அந்த நிலைமையிலும் பேசி அனுப்பியிருக்காங்களேன்னு அவங்களுக்காக வேற யாரையும் எடுக்காம காத்துக்கிட்டிருக்கோம்.”

நௌஃபல் நாற்காலியை விட்டு இறங்கி, மேசைக்குக் கீழே எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

லம்ஜெத் வாயைத் திறந்தான். வெல்வெட் வரவில்லை, காற்று வந்தது. வஸீலா கைபேசியை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“மதாம், நான் வஸீலா பேசறேன். அல்ஹம்துலில்லாஹ், தொண்டை ஆறிடுச்சு. எத்தனை மணிக்கு வரணும்?”

“யா ரப்பி! எவ்வளவு நல்லா ஆயிடுச்சு! என்ன மருந்து சாப்பிட்டீங்க?”

“மருந்து ஒண்ணும் இல்லை மதாம். வீட்டில ஒரு அடைப்பு இருந்தது. எடுத்துட்டோம்.”

நேரத்தைக் கேட்டுக்கொண்டு, ரமழான் மாலைகளில் யார் சூப் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் கணவனிடம் தெரிவித்துவிட்டு, அவள் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். மீன் நன்றாக வெந்திருப்பதாகத் தம்பியிடம் சொன்னாள். லம்ஜெத் ஆறிப்போன குஸ்குஸைக் கிளறிக்கொண்டிருந்தான். மனிதனுக்கு எல்லாம் போனாலும் கர்வம் மட்டும் கடைசியாகத்தான் போகும். போகிறபோதும் வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கும்.

“எது எப்படியோ மச்சான்,” என்றான் மெல்ல. “சாத்தின கதவு. நடுவுல சுவர். நான் பேசினதை அது பிடிச்சுதா இல்லையா? அதை மட்டும் நீ ஒத்துக்கணும்.”

நௌஃபல் அக்காவைப் பார்த்தான். வஸீலா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“என் தொண்டை எப்படி இருக்குன்னு வியாழக்கிழமை லல்லா மன்னூபியா வந்து விசாரிச்சாங்க. நீங்க பால்கனியில சொன்னது அவங்க காதுல விழுந்திருக்கு.”

“அவங்க காதுலயா? அப்போ மைக்கு?”

“அது நீங்க திறந்து மூடின அன்னிக்கே மௌத்தாயிடுச்சு. கம்பியைப் பிடுங்கி மைக்கை அலமாரியில வச்சுட்டு நான் பேசிப் பார்த்தேன், அப்பவும் அதே உங்க வெல்வெட்தான் பதிவாச்சு. அது லேப்டாப்போட சொந்த மைக்கு. தெரிஞ்சா மறுபடி திறந்துடுவீங்களோன்னு பழையபடி சொருகி வச்சேன்.”

லம்ஜெத் அவளையே பார்த்தான். “அப்போ செவ்வாய்க்கிழமை நான் பேசினது எதுவும் பதிவாகலையா?”

“பதிவை ஓடவிட்டா நான் குளிக்கப் போனேன்? ஒரு எழுத்துக்கூட ஆகலை,” என்றாள் வஸீலா. “சாட்சி சொன்னது நீங்கதான்.”